ஆள் படம் போட்ட இடம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். புக்கிட் பெலண்டோக் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், ரப்பர் காட்டுக்குள் தனியாக மோட்டாரில் போய் வந்தவன், ஒரு நாளும் எதையும் பார்த்ததில்லை. ஆகவே நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நானே பத்துப் பேரைப் பார்த்து அப்படிச் சிரித்தவன்தான்.

லுக்குட் டவுனில் எனக்கு வெல்டிங் வேலை. நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கினோம். படகு இருந்தது, இன்ஜின் இருந்தது, ஜி.பி.எஸ். செட் மட்டும் இல்லை. கடலில் எங்கே நிற்கிறோம், அடியில் எத்தனை மீட்டர் ஆழம், மீன் உண்டா பாறை உண்டா, எல்லாம் ஒரே திரையில் காட்டுமே, அது. செட் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் பொறுமையான மனிதர். நீங்கள் போகிற தூரத்துக்குப் பெரிய சக்தியுள்ள செட் தேவையில்லை, வெயிலில் தெரிகிற திரையாகப் பாருங்கள், அது போதும் என்றார். செல்வம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் விட்டான். "இதையே எடுத்துருவோம் லா மச்சான், புதுசு, வாரண்டி இருக்கு" என்றான்.

நான்தான் கேட்கவில்லை. மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஜோசப் அண்ணன் தன் தம்பி மைக்கலின் செட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மைக்கல் ஆறு மாதத்துக்கு முன் காலையில் தனியாகக் கடலுக்குப் போனவன். படகு மட்டும் மிதந்து வந்தது, அவன் கிடைக்கவே இல்லை. ஆனால் அவன் கொண்டு வந்த ஜெனாஹா மீன்களின் அளவு ஊருக்கே தெரியும். மீன் கிடைக்கிற இடத்தை நாங்கள் லுபோக் என்போம், அதைக் கட்டின மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் வேறு படகு வந்தால் திரை மேல் துண்டைப் போட்டு மூடுகிற ஆட்கள் நாங்கள். மைக்கல் குறித்து வைத்த இடமெல்லாம் அந்தச் செட்டுக்குள் இருக்கும் என்ற பேராசை எனக்கு.

"செத்தவரு சாமான் மச்சான், வேணாம்" என்றான் செல்வம்.

"பாடியே கெடைக்கல, செத்தாருன்னு யாருடா சொன்னா?" என்று சிரித்தேன். அப்படிப் பேசிய வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜோசப் அண்ணன் செட்டைத் துடைத்துக் கொடுத்தார். "நல்லா ஓடும் தம்பி. நான் தொறந்து பாக்கல, மனசு வரல" என்றார். வீட்டுக்கு வந்து திறந்தால் முப்பது இடத்துக்கு மேல் குறித்திருந்தது, எல்லாவற்றுக்கும் மீன் படம். ஒன்றுக்கு மட்டும் ஆள் படம், பெயர் இல்லை. இதுதான் ராஜா இடம், யாருக்கும் புரியக்கூடாதென்று படத்தை மாற்றி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில், அலையே இல்லை. ஆள் படம் போட்ட இடத்தில் நங்கூரம் போட்டோம். இருபத்து நான்கு மீட்டர். திரையில் ஒரு மீன் இல்லை, கல் இல்லை, அடி முழுக்க சிமெண்டுத் தரை மாதிரி சமம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் தூண்டிலை ஒன்றும் தொடவில்லை. வேறு இடம் பார்க்கலாமென்று நான் முன்பக்கம் போய் நங்கூரக் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தேன். செட் பின்பக்கம் இருந்தது, செல்வம் நடுப்பலகையில். அப்போது செட் நீளமாகக் கத்தியது.

"மச்சான், நீங்க எதையாச்சும் அமுக்குனீங்களா?"

"நான் இங்கல்ல இருக்கேன்" என்று திரும்பிப் பார்த்தேன். செல்வம் எழுந்தான். நம்பினால் நம்புங்கள், அவன் தடுமாறவில்லை, வழுக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் போல ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தான், இறங்கிவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடி, முழுக்க மூழ்குவதற்குள் சட்டைக் காலரைப் பிடித்தேன். அவன் கை கால் அடிக்கவே இல்லை. எப்படி மேலே இழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது, நான் ஓவென்று அழுதுகொண்டிருந்தேன். திரையில் அந்த ஆள் படத்தின் பக்கத்தில் இன்னொரு ஆள் படம் வந்திருந்தது.

மறுநாள் கடைக்காரரிடம் செட்டைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. படகிலிருந்து ஆள் விழுந்தால் அந்த இடத்தைக் குறிக்க ஒரு பட்டன் உண்டாம், அதை அழுத்தினால்தான் ஆள் படம் விழுமாம். சும்மா விரல் பட்டால் வேலை செய்யாது, மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டுமாம்.

சொல்லாமல் இருக்க முடியுமா? ஜோசப் அண்ணனிடம் போய்ப் பட்டன் விஷயத்தைச் சொன்னேன். மைக்கலின் ஆள் படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தனியா போனவன் விழுந்தா யாரு தம்பி பட்டன அமுக்குறது?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அவனே அமுக்கி வச்சிட்டு எறங்கிட்டானா? எங்கம்மாவுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆறு மாதமாக இந்த மனிதர் எதற்குப் பயந்துகொண்டிருக்கிறார் என்று. பேயை நம்பாத நான் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். "இல்லண்ணே, எங்களுக்கும் அதுவா அமுங்குச்சு, யாரும் தொடல. செல்வம் கால் வழுக்கித்தான் விழுந்தான். மைக்கலும் வழுக்கித்தான் விழுந்திருப்பான்." அவர் தலையைக் கவிழ்த்து அழுதார், ஆனால் அது பாரம் இறங்கின அழுகை. மாதாகோயிலில் மைக்கலுக்குப் பூசை வைத்தார்கள், நானும் போனேன். செட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன், படகையும் விற்றாகிவிட்டது.

செல்வம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பூசை முடிந்து வந்த அன்று மாலை நானே கேட்டேன், ஏன்டா இறங்கினாய் என்று. அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"கரை வந்திருச்சு, எறங்குடான்னு நீங்கதான மச்சான் சொன்னீங்க? உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை, சத்தியமாக. ஜோசப் அண்ணன் இப்போதும் பட்டறையைத் தாண்டிப் போனால் கூப்பிட்டுத் தேநீர் வாங்கித் தருகிறார், நான் முகத்தைப் பார்க்காமல் குடிக்கிறேன். மைக்கல் தனியாகப் போனவன். அவனுக்கு அன்று யாருடைய குரல் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைத் "தம்பி" என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தக் குரலைத்தான் நான் கேட்கிறேன்.