ஐந்து விரல் காட்டிய அன்று

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழை ஓய்ந்த ஒரு டிசம்பர் சனிக்கிழமை, போர்ட் பிளேரில் நடந்தது இது. தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் குடியேறுவதற்காக முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். எந்தக் கப்பலிலும் இடம் கிடைப்பது பெரும்பாடு. அப்படியிருக்க, மெட்ராஸ் போகும் கப்பலில் பன்னிரண்டு இடங்களைப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கும் பள்ளி, தீவுகளின் சார்பில் மெயின்லாண்டுக்குப் போய் ஆடும். தோற்கும் பள்ளி திங்கட்கிழமை வழக்கம்போல வகுப்புக்குப் போகும்.

அந்த இரண்டு அணிகளில் ஒன்றுக்கு என் மகள் காப்டன். பதினாறு வயது. மெயின்லாண்டை அவள் கடைசியாகப் பார்த்தது மூன்று வயதில்.

எங்கள் ஊரில் கூடைப்பந்துக்கென்று தனியாக ரெஃப்ரி யாரும் கிடையாது. ஆடுகிற இரண்டு பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களே ஆளுக்கொரு விசிலோடு இறங்குவார்கள். இவர் ஊதினால் அந்தப் பள்ளி மேல் ஃபவுல், அவர் ஊதினால் இந்தப் பள்ளி மேல் ஃபவுல். கேட்பார் கிடையாது. முந்தின வருஷம் இரண்டு மாஸ்டர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ள, பெண்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்களாம். அதனால் இந்த முறை வெளி ஆள்தான் ஊத வேண்டும் என்று முடிவாயிற்று. வெளி ஆளாக அகப்பட்டவள் நான்.

நான் மெட்ராஸில் கல்லூரி அணிக்கு ஆடியவள். ரெஃப்ரி பரீட்சையும் எழுதித் தேறியிருந்தேன். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்த பிறகு நானும் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்து, இப்போது ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கேட்டு வந்த அதிகாரியிடம், "என் பொண்ணு ஆடுறாளே சார்" என்றேன். அவர் சிரித்தார்.

"இந்தத் தீவுல யாருக்கு யாரு சொந்தமில்ல மேடம்? இன்னொரு விசில் ஹார்பர்ல வேலை பாக்குற மலையாளி. அவரோட தங்கச்சி மக அந்தப் பக்கம் ஆடுது. உங்க பொண்ணு இந்தப் பக்கம். சரியாப் போச்சு."

ஸ்கோர் எழுதவும் ஆள் வேண்டும் என்றார். எங்கள் செக்‌ஷன் ஜூனியர் கிளார்க் ஒருவரை நான்தான் சொன்னேன். பெரார்கஞ்சில் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பிள்ளை, கல்யாணமானவர். முத்து முத்தான கையெழுத்து. அவர் மேஜையில் வைக்கும் கோப்பைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவேன். அவ்வளவு நம்பிக்கை.

இயல்பிலேயே நான் பயந்த சுபாவம். மகள் சைக்கிள் எடுத்தால் பயம், கடலில் கால் நனைத்தால் பயம். கப்பல் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "முதல்ல ஜெயிங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீடு இருக்கும் கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் மூன்று பேருமாகக் கிளம்பினோம். புடவையைத் தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூவும் கழுத்தில் விசிலுமாக நான். "இன்னிக்கு வீட்டுல யாராவது ஒருத்தர் அழுதுக்கிட்டுத்தான் சாப்பிடுவாங்க" என்றார் என் கணவர். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைதானத்தைச் சுற்றி மதில் மேலெல்லாம் ஆட்கள். புடவை கட்டிய ரெஃப்ரியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிஷம் எதிரணிப் பெண் மேல் ஒரு ஃபவுல் ஊதினேன். சரியான ஃபவுல். மதிலிலிருந்து இந்தியில் ஒரு குரல் வந்தது: "மா பேட்டி கா மேட்ச் ஹை, பாயி." அம்மாவும் மகளும் ஆடும் மேட்ச். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த முறை ஊதியபோது, "மம்மி, ராத்திரிக்கு மீன் குழம்பா?" என்றான் இன்னொருவன்.

காதில் போட்டுக்கொள்ளாதவள் போல ஓடினேன். ஆனால் அதற்குப் பிறகு என் கண் பந்தைவிட என் மகளையே அதிகம் பார்த்தது. அவள் கை கொஞ்சம் நீண்டாலும் ஊதினேன். மற்றவள் செய்தால் விட்டுவிடக் கூடிய உரசலுக்கும் ஊதினேன். ஒவ்வொரு முறையும் மதில் அமைதியானது. அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது. அவளுடைய ஃபவுல்களை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். ஐந்து ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். ஐந்தாவதை நானே தயங்காமல் காட்ட வேண்டும் என்று ஒரு வைராக்கியம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் பாதியில் ஆறு நிமிஷம் பாக்கி. மகளின் அணி ஆறு புள்ளி முன்னால் இருந்தது. எதிரணிப் பெண் கூடையை நோக்கிப் பாய, என் மகள் குறுக்கே வந்து கையில் தட்டினாள். ஊதினேன். ஸ்கோரர் மேஜையைப் பார்த்து ஐந்து விரலை விரித்துக் காட்டி, அவளை வெளியே போகச் சொன்னேன்.

எத்தனையாவது ஃபவுல் என்று காட்ட மேஜையில் எண் எழுதிய அட்டைகள் உண்டு. ஸ்கோரர் கையில் அப்போது '4' இருந்தது. என்னைப் பார்த்தார். மெதுவாக அதைக் கீழே வைத்துவிட்டு '5'-ஐத் தூக்கினார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

"நாலுதான் மேடம்" என்றாள் என் மகள். வீட்டில் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை அவள்.

"வெளியே போ. இன்னொரு வார்த்தை பேசினா டெக்னிக்கல் ஃபவுல் குடுப்பேன்."

போனாள். அவள் இல்லாத அணி ஆறு நிமிஷத்தில் கலைந்துபோயிற்று. மூன்று புள்ளியில் தோற்றார்கள். எதிரணிப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மதிலில் யாரோ என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் ரெஃப்ரி கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அதோடு முடிந்தது, அப்புறம் யாரும் எதுவும் கேட்க முடியாது. ஸ்கோரர் ஷீட்டைக் கொண்டுவந்தார். ஆபீசில் செய்கிற மாதிரியே, கையெழுத்து இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பேனாவைத் திறந்தேன். அவர் விரலை எடுக்கவில்லை.

"மேடம்ஜி, ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க" என்றார் இந்தியில், மிகவும் தாழ்ந்த குரலில்.

இத்தனை வருஷத்தில் ஒரு கோப்பிலும் அவர் அப்படிச் சொன்னதில்லை. பார்த்தேன். என் மகளின் எண்ணுக்கு நேராக ஐந்து ஃபவுல்கள். ஒவ்வொன்றின் மேலும் எந்த நிமிஷத்தில் என்று குறித்திருந்தார். நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் ஒரே நிமிஷம்.

"இது எப்படி?"

"முதல் பாதியில ஒரு மோதலுக்கு நீங்களும் ஊதினீங்க, ஹார்பர் சாரும் ஊதினாரு. அது ஒரு ஃபவுல்தான். நீங்க ரெண்டா எண்ணிட்டீங்கபோல. கடைசியா ஊதினது நாலாவது. நீங்க அஞ்சு காட்டினீங்க. அதனால இன்னொண்ணு எழுதினேன்."

"அப்பவே ஏன் சொல்லல? அதுக்குத்தானே உங்களை அங்க உக்கார வெச்சது?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "வருஷா வருஷம் என் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் எழுதுறது நீங்கதானே மேடம்?"

ரெஃப்ரி தப்புச் செய்தால் தடுக்கிற ஒரே இடம் அந்த மேஜை. அங்கே என் பேச்சைத் தட்ட முடியாத ஒருவரை நானே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன்.

இன்னொரு விசில்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "சேச்சி, ஒப்பு போட்டுடுங்கோ. இப்போ மாத்திப் பேசினா, மகளுக்காகன்னுதான் எல்லாரும் பறயும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பயந்ததையே அவரும் சொன்னார். எதிரே பெஞ்சில் என் மகள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கையெழுத்துக்கு மேலே காலியாக இருந்த இடத்தில் எழுதினேன்: நடந்தது நான்கு ஃபவுல், ஐந்து என்று தவறாக அறிவித்தது ரெஃப்ரியாகிய நான், ஸ்கோரர் மேல் குற்றமில்லை. ஷீட்டை எடுத்துக்கொண்டு நேராக அறிவிப்பு மைக் இருந்த இடத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இந்தியில் அதையே சொன்னேன். குரல் உடைந்து ஒலிபெருக்கியில் என்னென்னவோ மாதிரி கேட்டது.

மதில் முழுக்கக் கூச்சல். எதிரணியின் பி.டி. மாஸ்டர், ராணுவத்திலிருந்து வந்தவர், முறுக்கு மீசைக்காரர், விறுவிறுவென்று வந்தார்.

"பொண்ணு தோத்ததும் கணக்கு மாறுதா மேடம்?"

பின்னாலிருந்து ஸ்கோரர் முன்னே வந்து நின்றார். "நாலுதான் சார். நான் பயந்துபோய் அஞ்சு எழுதினேன். நிமிஷத்தைப் பாருங்க."

மாஸ்டர் ஷீட்டை வாங்கி, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். "நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன். நாலுதான்" என்றார் கடைசியில். "எங்களுக்கு லாபம், சும்மா இருந்தேன். சரி, அந்த ஆறு நிமிஷத்தை மறுபடி ஆடட்டும். ஆனா இவங்க விசில் வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம்" என்றேன்.

அதிகாரி திங்கட்கிழமை சாயங்காலம் என்று அறிவித்தார். நான் ஐந்து காட்டியபோது இருந்த அதே புள்ளியிலிருந்து, என் மகள் நான்கு ஃபவுலோடு. ஆனால் எனக்குப் பதிலாக யார் ஊதுவது? தீவில் வேறு ஆள் இல்லை. கடைசியில் அந்த மாஸ்டரையே ஊதச் சொன்னார்கள். ஒரு விசில் எதிரணியின் மாஸ்டர், இன்னொன்று எதிரணிப் பெண்ணின் மாமா. "ரொம்ப நல்லா நியாயம் வாங்கிக் குடுத்தே" என்றார் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தும்போது மகள் ஒன்று கேட்டாள்.

"நான் கப்பல் ஏறக் கூடாதுன்னுதானே அம்மா?"

இல்லை என்று உடனே சொன்னேன். ஆனால் அந்த ஐந்து விரலுக்குள் மதில்காரர்கள் மேல் இருந்த பயம் மட்டும்தானா, கடல் மேல் இருந்த பயமும் சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

திங்கட்கிழமை நானும் மதில் பக்கம் போய் நின்றேன். சனிக்கிழமை என்னைக் கேலி செய்தவன் நகர்ந்து இடம் கொடுத்தான். "வாங்க மம்மி. இன்னிக்கு சீட்டி இல்லையா?"

ஆறு நிமிஷம் அவ்வளவு நீளம் என்று நான் நினைத்ததே இல்லை. இன்னொரு ஃபவுல் என்றால் மகள் வெளியே. அதைத் தெரிந்துகொண்டு எதிரணிப் பெண்கள் அவள் மேலேயே வந்து மோதினார்கள். ஒருமுறை இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். விசில் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். "உங்க பொண்ணு இல்ல, மம்மி. அவங்க பொண்ணு மேல" என்றான் பக்கத்திலிருந்தவன். மாஸ்டர் தன் மாணவியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

ஆறு புள்ளியும் கரைந்து, ஒரு நிமிஷம் இருக்கும்போது சமமாயிற்று. கடைசிச் சில நொடிகளில் என் மகள் பந்தோடு உள்ளே நுழைய, யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். மாஸ்டரின் விசில். தன் அணியில் மிகச் சிறந்த பெண்ணை, ஐந்தாவது ஃபவுலுக்கு. ஆனால் கையை உயர்த்துவதற்கு முன் அவர் திரும்பி ஸ்கோரர் மேஜையைப் பார்த்தார். ஸ்கோரர் எழுந்து நின்று '5'-ஐத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் மாஸ்டர் அந்தப் பெண்ணை அனுப்பினார்.

மகளுக்கு இரண்டு எறிதல். முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. இரண்டாவது, சத்தமில்லாமல் உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். நான் கத்திய கத்தலில் தொண்டை நாலு நாள் கட்டியிருந்தது. என்னைக் கேலி செய்தவன், தெரியாதவன், அவனும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்திருக்கிறோம் என்று என் கணவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

கூட்டம் கலையும்போது மாஸ்டர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வந்தார். "பத்து வருஷமா எங்க பிள்ளைங்களுக்குத்தான் ஊதிட்டிருந்தேன் மேடம். இன்னிக்கு முடியல. உங்களால எங்க கப்பல் போச்சு" என்றார். கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்த வாரம் மற்ற பதினோரு பெண்களோடு என் மகள் கப்பல் ஏறினாள். நான் கப்பல் துறையில் நின்று அழுதேன், பயத்திலும் சந்தோஷத்திலும். மெட்ராஸில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, கறுத்துப்போய், ஓயாமல் பேசிக்கொண்டே திரும்பி வந்தாள்.

இப்போதும் ஊதக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். என்னை எதிர்த்துப் பேசப் பயப்படாத ஒருவர் அந்த மேஜையில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் நான் எவ்வளவு நேர்மையாக இருக்க நினைத்தாலும் என்னை நானே நம்ப முடியாது என்பதை, அந்தச் சனிக்கிழமை தோற்று அழுதுகொண்டு நின்ற பன்னிரண்டு பெண்களின் முகத்தைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.