எதிர்வீட்டு வாசலில் அடித்த தகரம்

பூதலூரில் நான் இட்லி மாவுக் கடை போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்கே கடையை அடைக்க வேண்டும். அரைத்ததில் பாதி மீந்து, சித்திரை வெயிலில் பொங்கிப் புளித்தது. கொட்ட மனம் வரவில்லை. மூன்று நாள் மீந்த மாவைப் புது மாவில் கலந்து, புளிப்பு தெரியாமல் சோடா உப்பும் போட்டு விற்றேன்.

அதை வாங்கிய எதிர்வீட்டுச் செல்விக்கு மறுநாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். தெருவே கொரோனா என்றது. சுகாதாரத் துறை ஆட்கள் பரிசோதனைக்குச் சளி எடுத்துக்கொண்டு, வாசலில் தகரமும் அடித்துவிட்டுப் போனார்கள்.

"புள்ளைக்குப் பால் மட்டும் வாங்கிக் குடுங்கக்கா" என்று தகரத்துக்குப் பின்னாலிருந்து கெஞ்சினாள். வாங்கிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் கடை படுத்துவிடும்.

நான்கு நாளில் தொற்று இல்லை என்று முடிவு வந்து, தகரத்தைக் கழற்றினார்கள். அப்புறமும் தெருக்குழாய்க்கு அவள் குடத்தோடு வந்தால் எல்லோரும் விலகி நின்றார்கள். காரணம் தெரிந்த நானும் அவர்களோடு சேர்ந்து விலகி நின்றேன்.

இப்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் அரைத்த தேதியை எழுதுகிறேன். மீந்த மாவு தென்னைக்குப் போகிறது.

"எத்தனை கடை வந்தாலும் உங்க மாவைத்தான்க்கா நம்பி வாங்குவேன்" என்கிறாள் செல்வி. ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு சில்லறை தேடுகிறேன்.

இதை நான் எழுதி அனுப்பும் இந்த இதழை என்னிடம்தான் அவள் இரவல் வாங்கிப் படிப்பாள். இது அச்சாகி வரும் இதழையும் கேட்பாள். கொடுத்துவிடுவேன்.