பீம் இன்று உம்

எங்கள் நிலையத்தில் அவரைத் திருகாணி அண்ணன் என்றுதான் சொல்வோம். ஒல்லி உடம்பு, கொஞ்சம் பெரிய தலை, முப்பத்தொரு வருடமாகச் செய்ததும் திருகும் வேலை. துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, காந்தங்களின் குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருகி, பீமை நேராக ஓடவைப்பார். பீம் என்றால் வேகமேற்றிய அணுக்கருக்களின் கற்றை. அது ஒரு மெல்லிய தகட்டில் போய் மோதும். மோதலில் புதிதாக ஓர் அணுக்கரு பிறந்து, கண் சிமிட்டுவதற்குள் செத்தும் போகும். அதைப் பார்க்கத்தான் இத்தனை கட்டடம், இத்தனை விஞ்ஞானிகள். நான் அவ்வளவு படித்தவன் இல்லை. காந்தங்கள் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் தண்ணீர் பம்புகள் என் பொறுப்பு. என் பம்பு அறை அவர் அறையை ஒட்டிய நடைவழியின் கோடியில் இருந்தது.

ஒரு காலத்தில் அந்த அறையில் ஷிஃப்டுக்கு ஆறு பேர் இருந்தார்கள். சத்தமும் சிரிப்பும் என் பம்பையே அமுக்கிவிடும். அப்புறம் பெரிய பெரிய திரைகள் வந்தன. ஒவ்வொரு திரைக்கும் ஓர் ஆள் குறைந்தார். கடைசியில் ஷிஃப்டுக்கு ஒருத்தர் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அதே வருடம் அண்ணனின் மனைவியும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. விடுமுறை நாளில்கூட மற்றவர்களின் ஷிஃப்டை இவரே வாங்கிக்கொள்வார். “வீட்ல கொஞ்சம் படுக்கக் கூடாதாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன். “வீட்ல என்ன பீமா ஓடுது?” என்றார். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

எங்கள் முடுக்கிக்கு வயதாகிவிட்டது. இனி ஒவ்வொரு நாடும் தனித்தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாதாம். பல நாடுகள் சேர்ந்து தொலைதூரத்தில் ராட்சத முடுக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் அரைநாள் திருகிச் செய்வதை அங்கே ஒரு புரோகிராம் பத்து நிமிடத்தில் செய்துவிடுமாம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவரவர் நாட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். எங்களுடையதை ஆறு மாதத்தில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் புதியதைப் பழக்க மூன்று வருடத்துக்குச் சில பழைய கைகள் தேவை, எங்கள் நிலையத்திலிருந்து ஒருவர் என்றார்கள்.

அண்ணன் அதற்கு வெட்கமில்லாமல் ஆசைப்பட்டார். “அங்க கேன்டீன்ல பன்னெண்டு நாட்டு ஆளுங்க சாப்பிடுவாங்களாம்டா. ஒருத்தனாவது பேச மாட்டானா?” என்றார். ‘சாப்டாச்சா’ என்பதை நாலு மொழியில் பாடம் பண்ணி வைத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த அலைச்சல் என்று நினைத்தேன்.

புரோகிராமுக்குப் பாடம் சொல்ல அவருடைய குறிப்பேடுகள் வேண்டும் என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கெட்டிக்காரி. பீம் எப்படி ஓடியது என்று அண்ணன் தினமும் தன் பாஷையில் எழுதி வைத்திருந்தார். ‘பீம் இருமுகிறது’ என்று எழுதிய நாட்களிலெல்லாம் அணுக்கருக்களை உண்டாக்கும் பெட்டியில் தீப்பொறி பறந்திருந்தது. ‘நொண்டுகிறது’ என்றால் மூன்றாம் காந்தம் தளர்ந்திருந்தது. மீட்டர்களின் பதிவோடு எல்லாமே அச்சு அசலாகப் பொருந்தின. ‘பீம் இன்று உம்’ என்பது மட்டும் பொருந்தவில்லை. அந்தப் பெண் முதலில் அதை ‘அதுவும் இதுவும்’ என்பதில் வரும் உம் என்று எடுத்துக்கொண்டு, எதோடு எதைச் சேர்க்கிறார் என்று மூன்று நாள் தேடியிருக்கிறாள். நான்தான் போய், “உம்முனு இருக்குன்னு அர்த்தம்மா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது,” என்று விளக்கினேன்.

மொத்தம் இருநூற்றுப் பதினாலு உம். தேர்வுக் கமிட்டிக்குப் பரவசம். மீட்டருக்குத் தெரியாத ஏதோ ஒன்று இந்த மனிதருக்குத் தெரிகிறது, அது என்னவென்று பிடித்துவிட்டால் இவரையே அனுப்பிவிடலாம் என்று பேச்சு. அண்ணன் ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கிவிட்டார்.

அவள் காந்தத்தைப் பார்த்தாள், மின்சாரத்தைப் பார்த்தாள், மழை வெயிலைக்கூடப் பார்த்தாள். கடைசியாக என்னிடம் தண்ணீர்ப் பதிவேட்டைக் கேட்டாள். கட்டுப்பாட்டு அறையில் கொண்டுபோய்க் கொடுத்த அன்று மதியம் அண்ணனும் அங்கே இருந்தார்.

“சார், உம்முனு எழுதறப்ப எதைப் பாத்து எழுதுவீங்க?”

“பாத்து இல்லம்மா. ஒரு மாதிரி தெரியும். சத்தமே மாறும்.”

“சத்தம் பதிவாகியிருக்கு சார். மாறல. தண்ணியும் சரியாத்தான் இருக்கு.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “ஒண்ணே ஒண்ணுதான் பொருந்துது. கதவத் திறக்கக் காட்டுற அட்டை. மத்த நாள்ல யாராவது வந்து எட்டிப் பாத்திருக்காங்க. உம்முனு எழுதின நாள்ல எல்லாம் உங்க ஷிஃப்டுல இந்த ரூமுக்குள்ள ஒரே ஒரு அட்டைதான் வந்திருக்கு. உங்களோடது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணனுக்கு விளங்கிவிட்டது. முகம் சுண்டிப்போய், கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

“தற்செயலா இருக்கும் சார்,” என்றாள் அவள் அவசரமாக. “காரணம் தெரியலன்னு போட்டுடறேன். கமிட்டி உங்களத்தான் கூப்பிடுவாங்க.”

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு அவர் வாயையே பார்க்கத் தோன்றியது. சொல்லுங்கண்ணே, சொல்லித் தொலைங்க என்று உள்ளுக்குள் கத்தினேன்.

“வேண்டாம்மா,” என்றார். “தப்புப் பாடமாயிடும். அந்த உம் எல்லாத்தையும் எடுத்துடு. பீம் நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் அது மேல பழியப் போட்டிருக்கேன்.”

இருநூற்றுப் பதினாலு நாள். அத்தனை நாளும் நான் நடைவழியின் கோடியில்தான் இருந்தேன். அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தேன், செல்போனில் வீடியோ பார்த்தேன், கொட்டாவி விட்டேன். என் அட்டை எத்தனை முறை அந்தக் கதவில் பட்டிருக்கிறது என்று அவளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

இரண்டு வாரத்தில் கமிட்டியின் கடிதம் வந்தது. வேறு பிரிவிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் என் பம்புகளையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு அண்ணனின் அறைக்குப் போனேன். கதவு திறந்த சத்தத்தில் அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

“என்னாச்சு? பம்பு நின்னுடுச்சா?”

“இல்லண்ணே. எல்லாம் ஓடுது.”

“பின்ன எதுக்கு வந்த?”

“சும்மாதான் வந்தேன்.”

“சும்மாவா?”

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. திரையில் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வெப்பத்தைப் பார்த்தார்.

“மறைக்காமச் சொல்லுடா,” என்றார். “எந்தக் காந்தம்?”