ஹர்த்தாலில் குறித்த முகூர்த்தம்

இன்று காலை கொச்சி இடப்பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து சாயாவை ஊதிக்கொண்டிருந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் கம்பெனியின் டேட்டாபேஸ் புதிய பதிப்புக்கு மாற்றப்பட்டுவிட்டதாம். எப்போது மாற்றினார்கள், யார் மாற்றினார்கள், எந்த ஊரில் இருந்துகொண்டு மாற்றினார்கள், ஒன்றும் இல்லை. படித்து முடித்ததும் எனக்கு ஒரு தும்மல் வந்தது. பக்கத்து மேசைப் பெண் ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டாள். பாவம், ஏசி என்ன செய்யும்? டேட்டாபேஸ், புதிய பதிப்பு என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் என் மூக்கு தானாகவே மட்டாஞ்சேரிக்குப் போய்விடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் எங்கள் சர்வர் இருந்தது அங்கேதான். மிளகும் சுக்கும் ஏலமும் வாங்கி விற்கிற எங்கள் முதலாளி சேட்டுவின் கிடங்கு மாடியில், முன்பு சுக்கு அடுக்கி வைத்திருந்த அறை. சுக்கை வெளியேற்றினார்களே தவிர, அதன் வாசனையை வெளியேற்ற யாராலும் முடியவில்லை. கீழே மிளகு சலிப்பார்கள். அந்தத் தூசி படியேறி வந்து சர்வரின் விசிறிக்குள் குடியேறும். மாதாமாதம் பிரஷ்ஷும் கையுமாக அதைத் திறந்து சுத்தம் செய்வது என் பொறுப்பு. என்ன வேலை என்று அம்மா கேட்டபோது ‘சிஸ்டம் மெயின்டனன்ஸ்’ என்று சொல்லிவைத்தேன். தும்முகிற வேலை என்று சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

கணினிப் பிரிவு என்று பெரிதாகப் பலகை மாட்டியிருந்தாலும் நாங்கள் மூன்றே பேர். தலைமை ராஜி சேச்சி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். நான் அக்கா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் கொச்சியில் பிறந்து வளர்ந்த வாய், சேச்சி என்றுதான் வரும். (தமிழை நான் எழுத்துக்கூட்டிப் படித்த அழகை இன்னொரு நாளும் சொல்ல மாட்டேன், எனக்கும் மானம் உண்டு.) மூன்றாவது அன்வர், உள்ளூர்க்காரன், அவன் உம்மா கட்டிக்கொடுக்கும் பத்திரி என்ற அரிசி ரொட்டியில் எங்கள் மூன்று பேருக்கும் பங்கு.

எந்த மூட்டை யாருடையது, எந்தக் கிடங்கில் கிடக்கிறது, யார் வந்தால் கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்த டேட்டாபேஸுக்குள் இருந்தது. அதிலிருந்து கேட் பாஸ் அச்சாகி வராமல் ஒரு மூட்டை வெளியே போக முடியாது. வருஷக்கணக்கில் அது வீங்கிப் பெருத்துவிட்டிருந்தது. அதை எழுதி விற்றவர்களோ, பழைய பதிப்பை இனி நாங்கள் சீந்த மாட்டோம், எல்லாரும் புதியதற்கு வந்துவிடுங்கள் என்று கை கழுவிவிட்டார்கள். மாற்றுவதற்கு எப்படியும் ஒரு முழுப் பகல் வேண்டும், அந்தப் பகல் முழுக்க ஒரு கேட் பாஸும் வராது. ராஜி சேச்சி இதைச் சேட்டுவிடம் சொல்லப் போனாள். திரும்பி வந்த முகமே சரியில்லை.

“என்ன சொன்னார்?”

“ஒரு லாரி நின்னாலும் ரூமை மறுபடி சுக்குக்கே குடுத்துடுவாராம். நம்ம வேலையை பெங்களூர்க்காரனுக்குக் குடுத்துடுவாராம்.”

சேட்டு சொன்னால் செய்கிறவர். மூன்று பேரின் பிழைப்பும் அந்த ஒரு பகலில் தொங்கியது.

சரி, லாரி வராத நாள் எது? இங்கேதான் மட்டாஞ்சேரியின் மகிமை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாதித் தெரு மூடும், மீதிப் பாதி அப்போதுதான் சுறுசுறுப்பாகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு லீவு, கப்பலுக்கு லீவு இல்லை. தீபாவளிக்குச் சேட்டு கணக்கை மூடிவிட்டுப் பூஜை செய்வார், எதிர்க் கிடங்குக்காரர் சரக்கை ஏற்றிக்கொண்டிருப்பார். எல்லாச் சாமிகளும் தனித்தனியாக லீவு விடுகிற ஊரில், எல்லாரும் ஒன்றுசேர்ந்து கதவடைக்கிற நாள் ஒன்றே ஒன்றுதான். ஹர்த்தால்.

அன்று பஸ் ஓடாது, கடை திறக்காது, சுமைத் தொழிலாளிகள் மூட்டையைத் தொட மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் ஹர்த்தால் என்றால் பயப்படுவார்கள். நாங்கள் முந்தின நாள் சாயங்காலமே கோழி வாங்கிவிடுவோம். அப்படிப்பட்ட நாளுக்காக ராஜி சேச்சி கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவள் மாதிரி காத்திருந்தாள். காலையில் பேப்பரைப் பிரித்து முதலில் தேடுவதே யாராவது கோபமாக இருக்கிறார்களா என்றுதான். “எல்லாரும் சமாதானமா போயிண்டிருந்தா நாம எப்போ மைக்ரேஷன் பண்றது?” என்று அலுத்துக்கொள்வாள்.

கடைசியில் ஒரு கட்சிக்குக் கோபம் வந்தது. எந்தக் கட்சி, எதற்காக என்பதெல்லாம் மறந்துவிட்டது, அன்றைக்கே நாங்கள் கவனிக்கவில்லை. தோப்பும்படி வீட்டிலிருந்து வெறிச்சோடிய ரோட்டில் நடந்தே வந்தேன். மூன்று பேரும் சாமியைக் கும்பிட்டு, அவரவர் சாமியை அவரவர் கும்பிட்டு, வேலையை ஆரம்பித்தோம். திரையில் ஒரு பச்சைப் பட்டை ஆமை வேகத்தில் நகரத் தொடங்கியது. பத்திரியைப் பிரித்தோம். அப்போதுதான் அன்வர் போனைப் பார்த்துவிட்டு, வாயில் வைத்ததை விழுங்க மறந்து எழுந்து நின்றான்.

ஹர்த்தால் வாபஸ். பேச்சுவார்த்தை வெற்றியாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிரே ஒரு ஷட்டர் கரகரவென்று ஏறுகிறது. தூரத்தில் லாரி ஹாரன். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

“எடா, இனி நிறுத்தினா பழசும் போச்சு, புதுசும் போச்சு. பழசைத் திரும்பக் கொண்டுவரவும் இதே நேரம் ஆகும்.” ராஜி சேச்சி பட்டையிலிருந்து என் பக்கம் திரும்பினாள். “நீ கீழே போ. செல்வண்ணன்கிட்டே சொல்லி, ஹர்த்தாலை நம்ம தெருவுக்கு மட்டும் வெச்சுக்கச் சொல்லு.”

“சேச்சி, ஹர்த்தால் என்ன வாடகைச் சைக்கிளா?”

“மூணு மணி வரைக்கும் போதும். போடா.”

செல்வண்ணன் சுமைத் தொழிலாளிகளின் தலைவர். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் தலையசைக்காமல் அந்தத் தெருவில் ஒரு மூட்டை இடம் மாறாது. கிடங்கு நிழலில் கேரம் போர்டைப் போட்டு, பவுடர் தூவி, ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஹர்த்தாலுக்கென்று ஏற்பாடு செய்த போட்டி. வாபஸ் செய்தி அவர்கள் முகத்தில் அறைந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். சர்வர், பதிப்பு, பச்சைப் பட்டை, பெங்களூர்க்காரன் என்று என்னென்னவோ உளறினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

“ஹர்த்தால் வாபஸ்னு யாரு பறஞ்சா?”

“டிவியில.”

“டிவிக்காரன் பறஞ்சா ஆச்சா? கமிட்டி கூடணும்.”

கமிட்டி அங்கேயே, கேரம் போர்டைச் சுற்றி, எழுந்திருக்காமல் கூடியது. வாபஸ் பற்றி ஆலோசித்து முடிவெடுக்கும் வரை இந்தத் தெருவில் ஹர்த்தால் தொடரும் என்று ஏகமனதாகத் தீர்மானம். ஆலோசனை மூன்று மணி வரை நீளும் என்றும் அப்போதே தீர்மானித்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை: ஆட்டத்துக்கு ஒரு கை குறைகிறது.

“நீ உட்காரு.”

நானோ, ஸ்ட்ரைக்கரை அடித்தால் காயைத் தவிர எல்லாவற்றிலும் படுகிற ரகம். என் ஜோடியாக வாய்த்தவர் முதல் ஆட்டத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே எங்கள் மூவரின் எதிர்காலம் பட்டையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. கீழே நான் வெள்ளைக் காயை விட்டுவிட்டு எதிராளியின் கறுப்புக் காயைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் சேட்டு.

தெருமுனையில் லாரிகள். மூடிய கிடங்கு. அவர் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் இன்ஜினியர் தரையில் சம்மணமிட்டு, விரலெல்லாம் பவுடர். என்ன இது என்று கேட்டார்.

“ஹர்த்தால், சேட்டு,” என்றார் செல்வண்ணன்.

“அது வாபஸ் ஆகிவிட்டதே!”

“கமிட்டி ஆலோசிச்சிட்டிருக்கு.”

சேட்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். ராஜி சேச்சி சட்டென்று உள்ளே மறைந்தாள். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது, நாளை முதல் அந்த அறையில் சுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் முறை வந்துவிட்டது. அடித்தேன். ஸ்ட்ரைக்கர் மட்டும் போய்க் குழியில் விழுந்தது. சேட்டுவால் தாங்க முடியவில்லை. “எழுந்திரு,” என்று என் தோளைத் தட்டி நகர்த்திவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முறை சுற்றி வந்ததும் மோதிர விரலால் லேசாக ஒரு சுண்டு. சிவப்புக் காய் சத்தமில்லாமல் உள்ளே போனது. அடுத்த அடியில் அதற்குத் துணையாக ஒரு வெள்ளை. கமிட்டி கைதட்டியது.

அதற்கப்புறம் லாரியைப் பற்றி அவர் பேசவில்லை. ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் போனது. மூன்று மணியும் தாண்டிவிட்டது. ஒருவழியாக மாடிப்படியில் மூன்று தும்மல் கேட்டது. ராஜி சேச்சி கையில் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தாள். புதிய பதிப்பிலிருந்து அச்சான முதல் கேட் பாஸ். செல்வண்ணன் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, ஹர்த்தாலை வாபஸ் வாங்கினார். பொழுது சாய்வதற்குள் அத்தனை லாரியையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். போகும்போது சேட்டு ராஜி சேச்சியிடம், அடுத்த தடவை முன்கூட்டியே சொல், என் சொந்த ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவருகிறேன் என்றார். அன்று நான் பட்ட சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்தச் சம்பள உயர்வும் கொடுத்ததில்லை.

அடுத்த தடவை என்ற ஒன்று வரவில்லை. சேட்டு போய்ச்சேர்ந்த பிறகு அவர் மகன் எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிட்டார். அன்வர் துபாய்க்குப் போனான். செல்வண்ணனின் ஆட்கள் செய்ததை இப்போது ஃபோர்க்லிஃப்ட் செய்கிறது. சுக்கு அறையில் ஒரு கஃபே. ஒருமுறை போய் இஞ்சி டீ குடித்துப் பார்த்தேன், ஒரு தும்மல்கூட வரவில்லை. அந்த நாளின் மிச்சமாகக் கம்பெனியில் இருப்பது நான் ஒருவன்தான். எனக்கு வந்த மின்னஞ்சலின் கடைசி வரி இது: உங்கள் தரப்பிலிருந்து எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அதை அப்படியே ராஜி சேச்சிக்கு அனுப்பினேன். மகள் வீட்டோடு பெங்களூரில்தான் இருக்கிறாள். உடனே பதில் வந்தது.

“ஷெரி. கேரம்ஸ் யாரு ஆடினா?”

யாரும் ஆடலை சேச்சி என்று எழுதினேன். எழுதிவிட்டு, ஆறிப்போன சாயாவைக் குடித்து முடித்தேன்.