மரியபுஷ்பம் காலியா விட்ட கட்டங்கள்

அந்தப் பட்டறைய நெனச்சாலே எனக்குக் கொமட்டிக்கிட்டு வரும். ரங்கூன்ல, போட்டாதாங் ஆத்தோரத்துல, பயணிகள் படகு ரிப்பேர் பண்ற பட்டறை. நான் ஷம்சுதீன், அங்க ஸ்டோர் பாத்தவன். சர்க்கார் எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட பெறகு பட்டாளத்துலேர்ந்து ஒரு அதிகாரி வந்து மேல உக்காந்தார். போஜின்னு கூப்பிடுவோம். சட்டை மடிப்புக் கலையாத ஆளு. எஞ்சின் படகுக்கு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு கேட்டா முழிப்பார். அவருக்கு ஆமாஞ்சாமி போட ஒரு ஹெட்கிளார்க், அய்யாசாமி. நம்ம தமிழாளுதான். அதுதான் இன்னும் அசிங்கம்.

மரியபுஷ்பம் அங்க டைப்பிஸ்ட். தாகேதாவுல ஒண்டிக்கட்டையா குடியிருந்தா. அப்பன் ஆத்தா போய்ச் சேந்தாச்சு. பொறந்தது ரங்கூன், பேசுறதுல பாதி பர்மா பாஷை, ஆனா கையில இருந்தது வெளிநாட்டுக்காரிங்கிற அட்டை. நம்ம சனம் கப்பல் கப்பலா மெட்ராஸுக்குக் கெளம்பிக்கிட்டிருந்த நேரம் அது. இவளுக்கு அங்க ஈ காக்கா தெரியாது. குடியுரிமைக்கு மனு போட்டுட்டுக் காத்திருந்தா. ஆபீஸ் தலைவர் நாலு வார்த்தை நல்லவிதமா எழுதினாத்தான் அந்த மனு நகரும். அவ உசிரே அதுலதான் இருந்துச்சு; இல்லேன்னா அவளும் மெட்ராஸ் கப்பல் ஏறணும்.

அறுபத்தாறுல ருமேனியாவுலேர்ந்து துமித்ருன்னு ஒரு எஞ்சினியர் வந்தார். எங்க படகெல்லாம் வெள்ளக்காரன் காலத்துச் சரக்கு. உதிரிச் சாமான் பேரெல்லாம் இங்கிலீஷ். சாமான் செய்யப்போறது ருமேனியாவுல, அவங்களுக்கு அவங்க பாஷையில பட்டியல் வேணும். துமித்ருவுக்கு இங்கிலீஷ் அரைகொறை, பிரெஞ்சு நல்லா வரும். உடனே அய்யாசாமி போஜி காதுல ஓதிட்டான், மரியபுஷ்பம் கன்னியாஸ்திரிங்ககிட்ட பிரெஞ்சு படிச்சவ, ருமேனிய பாஷையும் அதுக்குத் தங்கச்சி மாதிரிதான்னு. அவ படிச்சது ஜெபமும் பாட்டும். அதச் சொல்லியும் பாத்தா. போஜி காதுல வாங்கல, முடிச்சுக் குடு, உன் மனுவுக்கு நான் எழுதறேன்னுட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, புள்ள உழைச்சா. ஜெபத்துல ஏது பிஸ்டனும் பேரிங்கும்? துமித்ருவையும் கூட்டிக்கிட்டுப் பட்டறைக்குள்ள எறங்கி, ஒவ்வொரு சாமானையும் தொட்டுக் காட்டி, இது என்ன வேலை செய்யுதுன்னு ஃபிட்டர்கிட்ட கேட்டு, அத அவருக்குப் பிரெஞ்சுல கையும் காலுமா வெளக்கி, அவர் சொல்ற பேர எழுதிக்குவா. அவ கட்டின பர்மா லுங்கியெல்லாம் கிரீஸ். ரெண்டு பேரும் கொழம்பின இடத்துல பட்டியல்ல பேர் எழுதுற கட்டத்தைக் காலியா விட்டா. ஊருக்குப் போய் பெரிய ஃபோர்மேன்கிட்ட கேட்டு நெரப்பிக்கறேன், சாமானோட வரைபடத்த மட்டும் சேத்து அனுப்புங்கன்னு துமித்ரு சொல்லிட்டு, வேற வேலையா மௌல்மேன் போயிட்டார்.

போஜி படத்த அனுப்பல. படகோட படம் ராணுவ ரகசியமாம்! அலமாரியில வச்சுப் பூட்டினார். பெறகு பட்டியலப் பாத்தார். காலிக் கட்டத்தப் பாத்ததும் மூஞ்சி சுண்டிப்போச்சு. மேலிடத்துக்குப் போற காகிதத்துல ஓட்டை இருந்தா அவருக்குத் தலகுனிவாம். பர்மாக்காரங்க 'ஆனாடெ'ம்பாங்க. அடுத்தவங்க மொகம் கோணக்கூடாதுன்னு 'இல்ல'ங்கிற வார்த்தைய முழுங்கிக்கிறது. நல்ல மனசுல வர்ற வழக்கம் அது. எங்க ஆபீஸ்ல அதப் பயமாவும் காக்காப் பிடிக்கிறதாவும் அழுக வச்சிருந்தானுங்க. அய்யாசாமி என்ன பண்ணினான்? மேல் கட்டத்துல இருந்த பேரையே கீழ்க் கட்டத்துல எழுதினான். காலியா இருந்த அத்தனைக்கும் அப்படியே. பக்கம் நெறஞ்சுபோச்சு, போஜிக்கு மனசும் நெறஞ்சுபோச்சு. துமித்ரு திரும்பி வர்றதுக்குள்ள பட்டியல் ருமேனியாவுக்குப் போயிடுச்சு. தூ!

மழைக்காலம் முடிஞ்சு பெட்டிங்க ஜெட்டிக்கு வந்துச்சு. நாந்தான் ஒடச்சேன். படகு விசிறியச் சுத்துற தண்டு வெளிய போற எடத்துல ஆத்துத் தண்ணி உள்ள வராம அடைக்க ஒரு பித்தளை வளையம் வேணும். அது ஒண்ணுகூட இல்ல. அதுக்குப் பதிலா தண்டோட தண்டை இணைக்கிற கப்ளிங், பொடிப்பொடியா. பட்டியல்ல இருந்தது வளையத்தோட அளவு, மேல் கட்டத்துலேர்ந்து எறங்கின கப்ளிங்கோட பேரு. அவங்களும் எழுதினபடியே செஞ்சு அனுப்பிட்டாங்க. கைக்கொழந்தைக்கு பட்டாளத்து பூட்ஸ் செஞ்ச மாதிரி இருந்துச்சு. படகெல்லாம் கரையிலயே கெடந்துச்சு, விசாரணைக்கு மேலிடத்துலேர்ந்து ஆள் வந்தாச்சு.

மொத நாளே போஜி அவளக் கூப்பிட்டு, அந்தக் கட்டங்கள நீதான் நெரப்பினேன்னு ஒத்துக்க, தெரியாத்தனமா நடந்துச்சுன்னு நான் பேசி முடிச்சிடறேன், உன் மனுவுல அன்னைக்கே கையெழுத்துன்னு சொல்லியிருக்கார். அவ எங்கிட்ட வந்து சொன்னா. வேணாம் தங்கச்சி, நரகல மிதிக்காதன்னேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்குப் போக்கிடம் இல்ல அண்ணே"ன்னா.

விசாரணையில என்னையும் கேட்டாங்க. பட்டியல் அவ கையிலேர்ந்து போறப்ப கட்டம் காலியாத்தான் இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்னு சொன்னேன். வந்தவர் பேனாவத் தொறக்கவே இல்ல. அய்யாசாமி கூரையப் பாத்துக்கிட்டிருந்தான். அவ எழுந்து, நாந்தான் எழுதினேன்னா. கொரல் நடுங்கல.

வந்தவர் போனதும் மனுவக் கையில எடுத்துக்கிட்டு போஜி ரூமுக்குப் போனா. கதவு தொறந்துதான் இருந்துச்சு, வெளிய நின்ன எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. மனுவ அவர் தொடக்கூட இல்ல.

"சர்க்காருக்கு இவ்வளவு நஷ்டம் பண்ணினதா நீயே ஒத்துக்கிட்ட. உனக்கு எப்படிம்மா நான் நல்ல பேர் எழுதிக் குடுக்கறது?"

குத்தலாச் சொல்லல, நெசமாவே வருத்தப்படற மாதிரி சொன்னார். செருப்பால அடிச்சாக்கூட அவ்வளவு அருவருப்பா இருந்திருக்காது. அவர் பட்டியலை எடுத்து அவ பக்கமாத் தள்ளினார்.

"மெட்ராஸ் கப்பலுக்கு இன்னும் நாள் இருக்குல்ல. அதுக்குள்ள இதச் சரியா எழுதிக் குடுத்துட்டுப் போ. உன்னவிட்டா இங்க யாருக்கும் அந்த பாஷை வராது."

அவ பட்டியலத் தொடல. மனுவ நாலா மடிச்சு எஞ்சி ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டு, எம்மொகத்தக்கூடப் பாக்காம படியெறங்கிப் போனா. அடுத்த கப்பல்ல மெட்ராஸ் போனா. எறங்கினா வான்னு கூப்பிட அங்க ஒரு ஆள் கெடையாது.