பார்சல் கிடைக்கும் இடங்கள்

உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், காணாமல் போன பார்சல்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் பிரேமலதாவின் உத்தியோகம். நெல்லூரில் ஒன்று பரண்மேல் கிடைத்தது. ஓசூரில் ஒன்று ஸ்கூட்டர் டிக்கிக்குள் இருந்தது. அனந்தபுரத்தில் ஒன்று, அந்த வீட்டுக்காரரே சொன்னபடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது. இந்த வீடுகளில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அந்தப் பார்சல்களும் உண்மையில் காணாமல் போனவை அல்ல.

அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் கண்ணபிரான். திருப்பதியில், மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு மாடி வீட்டில் அவருடைய கடை இருக்கிறது. கடை என்றால் ஷட்டர் கிடையாது, போர்டு கிடையாது, வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரும் கிடையாது. சில தையல் இயந்திரங்கள், பார்சல் கட்டும் மேஜை, ஒரு கம்ப்யூட்டர். விற்பது தைத்த பஞ்சகச்சம். கட்டத் தெரியாதவர்கள் பேண்ட் மாட்டுவதுபோல் மாட்டிக்கொண்டு மணவறையில் உட்காரலாம். கண்ணபிரான் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யத்தில் இருக்கும் வைஷ்ணவக் குடும்பம். தான் விற்பதை அவர் ஒருநாளும் உடுத்தியதில்லை. கேட்டால், “எனக்குத்தான் கட்டிக்கத் தெரியுமே” என்பார். அந்த நியாயத்தை யாரும் மறுக்க முடியாது.

பிரேமலதா பிறந்தது ஆந்திர எல்லையில், சாந்திபுரத்துக்குப் பக்கத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்தது. அப்பா பாலையாவுக்கு ரொம்ப காலம் சொந்தமாக ஒரு சாண் நிலமில்லை. குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் போய்க் கலவை சுமப்பார். பிற்பாடு அரசாங்கம் கொடுத்த கொஞ்ச நிலத்தில் தக்காளி போட ஆரம்பித்தார். அந்தத் தக்காளியில் படித்த மகள், அதே ரயிலில் அதே பெங்களூருக்குப் போய், கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அது தான் கலவை சுமந்த கட்டடம்தான் என்று பாலையா இன்றைக்கும் சாதிக்கிறார். “இல்ல நைனா, அது வேற ரோடு” என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

அந்தக் கட்டடத்தில் அவள் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றுதான். பொருள் நிஜமாகவே வந்துசேராதவன் கத்துவான். உன் கம்பெனி உருப்படுமா என்பான், போனை வைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டுக் கத்துவான். கையில் வாங்கி வைத்துக்கொண்டு வரவில்லை என்கிறவனோ வெகு மரியாதைக்காரன். மேடம் போடுவான். தனக்கு யார்மேலும் வருத்தமில்லை, பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால் போதும் என்பான். திட்டு வாங்குகிறபோது நிம்மதியும், மரியாதை கிடைக்கிறபோது சந்தேகமும் கொள்ளும் வினோதமான வழக்கம் இப்படித்தான் அவளுக்கு வந்தது. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜீப் ஓட்டும் ரமணாவைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தபோது, வேறு சீர் வரிசையோடு இந்த வழக்கமும் கூடவே வந்தது. ரமணா திடீரென்று ‘நீங்க, வாங்க’ போட்டால் அவள் முதலில் அவன் சட்டைப்பையைத்தான் பார்ப்பாள்.

கண்ணபிரானிடம் சேர்ந்த பிறகு அவள் தானாக ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டாள். யாரையும் ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்று சொல்வதில்லை. பார்சலுக்கு ஓர் இடம் கொடுப்பாள். “போன வாரம் ஒருத்தருக்கு இப்பிடித்தான் சார், ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாடி கெடைச்சுது” என்று பொதுவாகச் சொல்லி வைப்பாள். அப்பார்ட்மெண்ட் என்றால் வாட்ச்மேன் அறை, தனி வீடு என்றால் மாடிப்படிக்குக் கீழே. ஆளுக்கும் வீட்டுக்கும் ஏற்ற இடமாக அது இருக்க வேண்டும். மரியாதைக்காரர்களில் பாதிப் பேர் மாலைக்குள் “கிடைத்துவிட்டது மேடம்” என்று செய்தி அனுப்புவார்கள். நிஜமாகவே வராதவர்கள், “அங்கெல்லாம் பார்க்காமலா உன்னைக் கூப்பிட்டேன்!” என்று இன்னும் பெரிதாகக் கத்துவார்கள். அவர்களுக்கு மறு கேள்வி கேட்காமல் வேறு பார்சல் போய்விடும்.

கண்ணபிரானுக்கு இதில் ஒரு மன உறுத்தல்.

“ஏம்மா, இது பொய்க்குத் துணைபோறாப்ல இல்லையோ?”

“துணை போகலை சார். தெரியாத்தனமா ஏறிட்டாங்க, எறங்கறதுக்கு ஒரு ஏணி போடறேன். அவ்ளோதான்.”

“ஏணி போடறதுக்கு நான் சம்பளம் தரேன்.”

“ஆமா சார்.”

அவருக்கு அந்தப் பதில் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

இந்த முறைக்கே ஒரு சோதனை சித்தூரிலிருந்து வந்தது. அங்கே மாங்கூழ் ஆலை ஒன்றில் மேலாளராக இருக்கும் வெங்கடசாமி என்பவர், மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது உடுத்திக்கொள்ளப் பட்டுப் பஞ்சகச்சம் ஒன்று கேட்டிருந்தார். அனுப்பியாயிற்று. கொண்டுபோனவன் அதைக் கையில் கொடுக்கும்போது எடுத்த போட்டோவும் கணக்கில் ஏறியாயிற்று. அதற்குப் பிறகு வெங்கடசாமியிடமிருந்து புகார் வந்தது: பார்சல் வரவில்லை, போட்டோவில் இருப்பவர் யாரென்றே தெரியாது, என் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இணைத்திருந்த படத்தில் சுருட்டை முடி நெற்றியில் விழுந்தது. பார்சல் போட்டோவில் இருந்தவரோ சுத்தமான மொட்டை, அதன்மேல் சந்தனம்.

அடுத்த கால், கூரியர் கம்பெனிக்காக அதை டெலிவரி செய்த எத்திராஜிடமிருந்து. முப்பது தாண்டிய ஆள், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன்.

“அக்கா, அவரு கையிலயே குடுத்தேன்க்கா. சிரிச்சிக்கினு நின்னாரு. இப்போ அது நான் இல்லேன்றாராம்.”

“நீ புடிச்ச போட்டோல மொட்டை இருக்குதுப்பா. அவரு அனுப்பினதுல தலை நெறைய முடி.”

“அதுக்கு நான் இன்னாக்கா செய்யறது? நான் போறப்போ மொட்டையாத்தான் இருந்தாரு. முடி இருந்தாத்தான் குடுக்கணும்னு ரூலா?”

“ஆபீஸ்ல இன்னா சொல்றாங்க?”

“எம்மேல ஏற்கெனவே ரெண்டு கம்ப்ளைண்ட் கீதுக்கா. ஒண்ணு நாய் கடிச்ச பார்சல், அதுக்கும் நான்தான் பொறுப்பாம். இது மூணாவது. நாளைக்குள்ள தீரலேன்னா ஐடிய மூடிருவாங்களாம். அதோட வேலை போச்சு. நேத்துதான் வண்டிக்கு டயர் மாத்தினேன்க்கா.”

கண்ணபிரான் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார்.

“மூக்கு ஒண்ணா இருக்காப்லதான் இருக்கு. ஆனா மொட்டை அடிச்சா எல்லார் மூக்கும் ஒண்ணாத்தாம்மா இருக்கு. இந்த ஊர்ல பொறந்தவன் சொல்றேன், இதை வெச்சிண்டு சத்தியம் பண்ண முடியாது. பணத்தைக் கொடுத்துட்டு விட்டுடலாம்.”

“குடுத்தா எத்திராஜ்தான் தப்புப் பண்ணான்னு ஆயிடும் சார். அவன் வேலை போயிடும்.”

“அப்போ உன் ஏணியப் போடேன்.”

அதுதான் சிக்கல். பரண், டிக்கி, மாடிப்படி எதுவும் இங்கே உதவாது. பார்சல் வீட்டுக்குள் கிடைத்துவிட்டால், வாங்கிய மொட்டை யார் என்ற கேள்வி வரும். தன் தலையையே தன்னுடையதல்ல என்று எழுதிக்கொடுத்துவிட்ட மனிதரை எங்கிருந்து இறக்குவது?

இரண்டு படங்களையும் பார்த்துக்கொண்டே பிரேமலதா போன் செய்தாள். தெலுங்கில் ஆரம்பித்த பேச்சு, ஒருவர் குரலில் இன்னொருவர் தமிழை மோப்பம் பிடித்ததும், அந்தப் பக்கத்து வழக்கப்படி தானாகத் தமிழுக்கு நழுவியது.

“சொல்லுங்க மேடம்” என்றார் வெங்கடசாமி. “எனக்கு யார்மேலயும் கோபமில்லே. அந்தப் பையன் வேற வீட்ல குடுத்துருப்பான். மனுஷன்னா தப்பு நடக்கும்.”

பிரேமலதாவுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் அவளுக்குப் போதுவது எத்திராஜின் ஆபீசுக்குப் போதாது.

“அத அப்பறம் பாக்கலாம் சார். பொண்ணுக்கா கல்யாணம்?”

“ஆமா மேடம், மூத்தவ.”

“முதல் பத்திரிகை சாமிகிட்ட வெச்சாச்சா?”

“அது வெக்காம எப்பிடிம்மா? வெச்சாச்சு.”

மேடம், அம்மாவாக இறங்கிவிட்டதை அவள் கவனித்தாள்.

“தரிசனம் நல்லா ஆச்சுங்களா?”

மலையிலிருந்து இறங்கி வந்தவரிடம் இதைக் கேட்காமல் இருப்பது அந்தப் பக்கத்தில் மரியாதைக் குறைவு. கேட்டபின் ஒரு வார்த்தையில் பதில் சொல்வது அதைவிடக் குறைவு. கடன்காரனை வீதிமுனையில் கண்டு ஒளிகிறவன்கூட, இந்தக் கேள்வி காதில் விழுந்தால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஒளிவான்.

“அதை ஏம்மா கேக்கற!” என்றார் வெங்கடசாமி. குரலே மாறிவிட்டது. “சாலா பாக ஆயிந்தி, ரொம்ப நல்லா ஆச்சு! தள்ளவே இல்லேம்மா. எல்லாரையும் ஜருகண்டி ஜருகண்டின்றாங்க, என்னை மட்டும் வுட்டுட்டாங்க. கண்ணு நெறையப் பாத்தேன். வீட்டுக்காரி அழுதுட்டா.”

“எல்லாரும் முடி குடுத்தீங்களா?”

“அவ மூணு கத்திரி முடி மட்டும் குடுத்தா. நான் முழுசா. பொண்ணுக்கு வரன் அமைஞ்சா எறக்கறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். சாமிகிட்டச் சொன்ன சொல்லு, தப்பலாமா? அதான் போன வியாழக்கெழமையே போயி—”

பேச்சு நின்றது. அவருடைய ஆலையில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பார்சல் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை.

வெங்கடசாமியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கடவுளிடம் சொன்ன சொல்லுக்காகத் தலைமுடியையே இறக்கியவர். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கினால் கழுவித் திருப்பிக் கொடுக்கிற குடும்பம். கம்பெனி என்பது மட்டும் அவர் கணக்கில் ஆளே இல்லை. ஆளில்லாத இடத்தில் சொன்னது எப்படிப் பொய்யாகும்? அந்தக் கணக்கில்தான் இப்போது இந்தப் பெண் குறுக்கே வந்து தரிசனம் எப்படி என்று கேட்டுவிட்டாள்.

பிரேமலதா மௌனத்தை நீட்டவில்லை.

“மலை ஏறி எறங்கின களைப்பு சார். தூக்கமில்லே, மொட்டைத் தலையில வெயிலு வேற. அந்த நேரத்துல யாரு வந்தாங்க, இன்னா குடுத்தாங்க, யாருக்கு ஞாபகம் இருக்கும்? போட்டோவப் பாத்தாக்கூட நம்ம மூஞ்சி நமக்கே புதுசாத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரரு மொட்டை போட்டுக்கினு வந்தப்போ நானே யாரு வேணும்னு கேட்டேன்.”

“ஆமாம்மா” என்றார் அவர் மெதுவாக. “களைப்புதான்.”

“மலையிலேர்ந்து கொண்டாந்த பை ஏதாவது பிரிக்காமக் கெடக்கும் பாருங்க. அதோட சேத்து வெச்சிருப்பீங்க.”

“இருக்கும்மா. இருக்கும்.” பிறகு சற்றுத் தயங்கி, “அந்தப் பையனுக்கு ஏதாவது…?”

“நாளையோட வேலை போவுது சார். ரெண்டு பொண்ணு அவனுக்கும்.”

“அய்யய்யோ! கம்பெனிதானேன்னு…” என்று ஆரம்பித்தவர், மீதியை விழுங்கினார். “நான் பாத்துட்டுச் சொல்றேம்மா.”

பிரேமலதா டீ குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. பார்சல் கிடைத்துவிட்டது. அவள் சொன்ன பையில் இல்லை, பூஜை அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்ததாம். தனக்கென்று சொந்தமாக ஓர் இடத்தை அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது. கூடவே புகார்ப் பகுதியிலும் அவர் கைப்பட ஒரு வரி போட்டிருந்தார். கண்ணபிரான் அதை உரக்க வாசித்தார்: “டெலிவரி செய்தவர்மீது தவறில்லை. படத்தில் உள்ள மொட்டை நானே.”

“தானாவே ஒத்துண்டுட்டாரேம்மா!” என்றார் கண்ணபிரான். இத்தனை காலம் ஏணியைக் குறை சொன்னவர், அன்றைக்கு அந்த வரியைத் தன் மனைவி வஸுமதிக்கும் போனில் வாசித்துக் காட்டினார்.

எத்திராஜின் புகார் நீங்கியது. வேலையும் தங்கியது. ஆனால் ஆளுக்குத் திருப்தி இல்லை.

“அதெப்படிக்கா, ‘கெடைச்சிருச்சு’ன்னு போட்டாரு? தொலைஞ்சாத்தானே கெடைக்கும்? நான் கையில குடுத்தேன்.”

“உனக்கு வேலை வேணுமா, ஞாயம் வேணுமா?”

“ரெண்டும்தான் வேணும்.”

“வேலை வந்துருச்சில்ல? போய் வண்டிய எடு.”

பத்து நாள் போயிருக்கும். வெங்கடசாமி சம்பந்திக்கு என்று இன்னொரு பஞ்சகச்சம் கேட்டு எழுதினார். அதையும் எத்திராஜ்தான் கொண்டுபோனான். அன்று மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

“அக்கா, கதவத் தொறந்தவரு என்னைப் பாத்ததும் ஒண்ணும் பேசலே. நேரா உள்ள போயி ஒரு லட்டு எடுத்தாந்து கையில வெச்சாரு.”

“வாங்கிக்கினியா?”

“பாதி அங்கியே துன்னேன். நல்லா இருந்துச்சு.”

“மீதி?”

“மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார், அப்பறம்தான் மீதி துன்னுவேன்னு சொல்லிட்டேன். தலையத் தடவிக்கினே போட்டாரு. நில்லுங்கன்னு சொல்லி போட்டோவும் புட்ச்சேன். இப்போ கொஞ்சம் மொளைச்சிருக்குதுக்கா. கல்யாணத்துக்குள்ள சீவற அளவுக்கு வந்துரும்.”