எலிக்கூடத்துத் தளவாய்

தளவாய்க்கு எலி மேய்க்கும் வேலை என்று பாளையங்கோட்டையில் கேலி பேசாத ஆள் கிடையாது. பேசட்டும். ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டு கழுவி, தீனி வைத்து, செத்ததை எடுத்துப் போடுகிற உத்தியோகம் அவருக்கு. தொண்ணூற்றாறாம் வருஷம் மரபணுவை மாற்றிய வெள்ளெலிகள் அங்கே வந்து இறங்கின. மருந்து போட்டு வலிப்பு வரவைத்துப் பார்ப்பார்கள். சாதா எலி வெட்டி வெட்டி இழுத்துவிட்டு எழுந்து தீனிக்கு ஓடும். மாற்றிய எலியும் எழுந்திருக்கும். ஆனால் தினம் குடித்த தண்ணீர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கூண்டையே சுற்றும்.

"ரெண்டுக்கும் ஒரே வலிப்புதான் வே," என்றார் அந்தக் கூடத்து டாக்டர் காந்திமதிநாதன். "இதுக்குப் பொறப்புலயே மூளை தாங்காது. ரொம்ப நேரம் இழுத்துச்சுன்னா மூளை உள்ளுக்குள்ளயே செத்து, பழகுனதெல்லாம் மறந்துபோவுது."

தளவாயின் மகள் ஆவுடைச்செல்விக்கும் வலிப்பு உண்டு. மாத்திரையால் அடங்கிக் கிடந்தது, தெருவுக்குத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்து கல்யாணமும் கூடிவந்துவிட்டது.

தாலி கட்டி முடிந்து புறப்படுகிற நேரம், செல்வியின் பெட்டியிலிருந்த மாத்திரை டப்பாவை அவர் மனைவி சுடலைவடிவு வெளியே எடுத்தாள்.

"ஏட்டி, அது அவ கூடப் போகட்டும். நடுவுல நிறுத்தக்கூடாது," என்றார் தளவாய்.

"அங்கன யாராவது கண்டா? மறுநாளே கொண்டாந்து விட்டுருவாவ. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்கு. மறுவீட்டுக்கு வாரப்ப குடுத்துக்கிடலாம். நீங்க சும்மா இருங்க."

சும்மா இருந்தார். தினம் தினம் கண்ணால் பார்த்த மனுஷன்! வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன.

மறுவீட்டுக்கு வருமுன்னே ஒரு காலையில் புருஷன் வீட்டு அடுப்படியில் செல்வி விழுந்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாவம். நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள். கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டு, இப்போது நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று சுற்றி நின்றார்கள். சாவி போதவில்லை என்று அரிவாளையும் கொண்டுவந்து பிடிக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

உயிர் தப்பியது. சில நாள் கழித்து, கண் விழித்துவிட்டாள் என்று தளவாயை உள்ளே விட்டார்கள். செல்வி கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். முருகா, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று அவருக்கு அழுகை முட்டியது.

"ஏளா செல்வி, இப்ப எப்படி இருக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகக் கேட்டாள்:

"யாரைப் பாக்கணும் அண்ணாச்சி?"